வெட்கப்பட ஒரு ஆள்

அன்று காலை சுகிர்தா, வெட்கப்படுவதற்காக ஒரு ஆளைக் கட்டி முடித்தாள்.

அலுவலகத்தில் அது வழக்கமான வேலைதான். அவர்கள் எழுதிக் கொடுத்த மென்பொருள், கிளையன்ட்டின் ஊழியர்கள் எல்லோருக்கும் ஒரே பிறந்தநாளைக் காட்டிக்கொண்டிருந்தது. தினமும் கேக் வெட்டி ஊழியர்கள் களைத்துப்போனார்கள். கிளையன்ட் நஷ்ட ஈடு கேட்கவில்லை. சரிசெய்து கொடுங்கள் என்றுகூடக் கேட்கவில்லை. யாராவது நேரில் வந்து வெட்கப்பட வேண்டும் என்றார்.

“யார் போறீங்க?” என்று குழுத் தலைவர் பரணிதரன் கேட்டார்.

யாரும் கை தூக்கவில்லை. எல்லோரும் தங்கள் திரையை நெருங்கிப் பார்த்தார்கள். அந்தப் பிழையை எழுதியவள் சுகிர்தா. அவள் மற்றவர்களைவிட இன்னும் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தாள். மூக்கு திரையில் பட்டது.

“சரி, ஒரு ஆளைக் கட்டி அனுப்பிடலாம்,” என்றார் பரணிதரன். “சுகிர்தா, நீங்களே பண்ணிடுங்க. உங்களுக்குத்தான் விஷயம் தெரியும்.”

நான்காம் தளத்தில் பில்டர்கள் இருந்தன. வீடு கட்டுகிறவை இல்லை. ஆள் கட்டுகிறவை. ஒவ்வொன்றும் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருக்கும். அதற்கு முகம் கிடையாது. அகலமான ஒரு மடி உண்டு. கட்ட வேண்டிய ஆளைப் பற்றி ஒன்றொன்றாகச் சொல்ல வேண்டும். சொன்னதை மடியில் வாங்கி வைத்துக்கொண்டு, “வச்சாச்சு” என்று சொல்லி, மறுபடி தன்னையே நம் பக்கம் நீட்டும். அடுத்ததைச் சொல்லலாம். வரிசை முக்கியமில்லை. வேண்டாததைச் சொல்லாமலே விடலாம். விட்டதற்குத் தன்னிடம் இருக்கிற சாதாரணச் சரக்கைப் போட்டு அது நிரப்பிக்கொள்ளும். கடைசியில் “முடி” என்று சொல்ல வேண்டும். சொல்லும்வரை மடி மட்டும்தான், ஆள் கிடையாது. சொல்லிவிட்டால் ஆள் எழுந்து நிற்பார். அதற்குப் பிறகு அவரிடம் எதையும் மாற்ற முடியாது.

பில்டர்கள் வருவதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில், வரிசை பிசகாமல் சொல்ல வேண்டியிருந்தது. பெயர், வயது, உயரம், காலணி அளவு என்று அது நீண்டுகொண்டே போகும். வேண்டாததற்கு “இல்லை, இல்லை, இல்லை” என்று சொல்லி இடத்தை நிரப்ப வேண்டும். ஒருமுறை யாரோ வயதையும் காலணி அளவையும் இடம் மாற்றிச் சொல்லிவிட்டார்கள். அதனால் கணக்குப் பிரிவு மேலாளருக்கு இன்றும் எட்டு வயதுதான். காலணி ஐம்பத்திரண்டு. காலணிக்குள் உட்கார்ந்துதான் கையெழுத்துப் போடுகிறார். நல்ல மனிதர்.

சுகிர்தா ஒரு பில்டரின் முன்னால் போய் நின்றாள்.

“பெயர் கிருபாகரன்.”

“வச்சாச்சு.”

“வெள்ளைச் சட்டை. முழுக்கை.”

“வச்சாச்சு.”

“மீசை. அடர்த்தியா இருக்கணும். பார்த்தா நம்பிக்கை வரணும்.”

“வச்சாச்சு.”

“வெட்கம்.”

“எவ்வளவு?”

அவள் பரணிதரனைத் திரும்பிப் பார்த்தாள்.

“இருக்கறதெல்லாம் போடுங்க,” என்றார் அவர். “கஞ்சத்தனம் வேண்டாம். பெரிய கிளையன்ட்.”

பில்டரின் மடி பாரத்தில் கொஞ்சம் இறங்கியது.

“முடி,” என்றாள் சுகிர்தா.

கிருபாகரன் எழுந்து நின்றார். நின்றதற்காக மன்னிப்புக் கேட்டார். லிஃப்டைக் காக்க வைத்ததற்காக லிஃப்டிடமும் கேட்டார். அவர் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் கிளையன்ட் போனில் வந்தார்.

“ஆள் அருமைங்க. வந்ததுலேர்ந்து தரையைப் பார்த்துத்தான் பேசறார். எங்க தரையே சுத்தமாயிடுச்சு.”

எல்லோரும் சுகிர்தாவுக்குக் கைதட்டினார்கள். பிழை எழுதினவளுக்கே கைதட்டல். இப்போது தனக்குள் ஏதாவது உறுத்த வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. உள்ளே தேடிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. துடைத்து வைத்த மாதிரி இருந்தது. கிருபாகரன் எடுத்துக்கொண்டு போய்விட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். நிம்மதியாகத்தான் இருந்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, மகள் ஜெமிமாவின் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. ஜெமிமா நான்காம் வகுப்பு. பேசியவர் வகுப்பு ஆசிரியை உமையாள் மிஸ்.

“ஜெமிமா அம்மாவா? இன்னிக்கு பேரன்ட்ஸ் மீட்டிங். உங்க நாற்காலி மட்டும் காலியா இருக்கு.”

“ஆபீஸ்ல வேலை மிஸ். அவ அப்பாவும் கப்பல்ல இருக்கார்.”

“கப்பல் எங்க இருக்கு?”

“கடல்ல.”

“போன தடவையும் அங்கதான் இருந்துச்சு. மேடம், நாற்காலி அழ ஆரம்பிச்சிருக்கு. போன தடவை பக்கத்து வகுப்புக்கே கேட்டுச்சு. ஜெமிமாதான் தடவிக்கொடுத்து சமாதானம் பண்ணினா. அவளும் சின்னப் பிள்ளை. எத்தனை தடவை பண்ணுவா?”

சுகிர்தா பரணிதரனிடம் போய் நின்றாள்.

“தாராளமா போங்க,” என்றார் அவர். “ஆனா கிருபாகரன் வெட்கம் தாங்காம மயங்கி விழுந்துட்டா, மாத்து ஆள் நீங்கதான்.”

“அப்ப போகலாமா சார்?”

“போகலாம். ஆனா இருங்க.”

அவள் இருந்தாள். பக்கத்து இருக்கையிலிருந்து நஸ்ரீன் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள். இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

“எதுக்குடி மூஞ்சிய தூக்கி வச்சுக்கற? ஒரு அம்மாவைக் கட்டி அனுப்பு. என் நாத்தனார் கல்யாணத்துக்கு நான் அப்படித்தான் பண்ணேன்.”

“கண்டுபிடிக்கலையா?”

“கண்டுபிடிச்சாங்க. ஆனா அவளைத்தான் பிடிச்சிருக்குன்னுட்டாங்க. இன்னும் அங்கதான் இருக்கா. ரம்ஜானுக்கு எனக்கு பிரியாணி குடுத்து விடுவா.”

இருவரும் நான்காம் தளத்துக்கு ஏறினார்கள்.

ஒரு ஆளுக்கு ஒரு பில்டர் என்பது விதி. ஏனென்றால் கட்டி முடித்த பிறகும் மடியில் போட்டதெல்லாம் அப்படியே கிடக்கும். எழுந்து போகிறவர் அதன் நகலைத்தான் எடுத்துக்கொண்டு போகிறார். புதிய பில்டர்கள் நடைக்கூடத்தின் கடைசியில் இருந்தன. சாப்பாட்டுக்குப் பிறகு நடைக்கூடம் நீண்டுவிடும். அன்று ரொம்பவே நீண்டிருந்தது. கடைசி அறை கண்ணுக்குத் தெரியவில்லை. பாதி தூரத்தில் ஒரு பஸ் ஸ்டாப் தெரிந்தது. வேறு பிரிவு ஆட்கள் அங்கே குடை பிடித்து நின்றார்கள்.

காலையில் பயன்படுத்திய பில்டர் கைக்கெட்டும் தூரத்தில், மடி நிறைய, உட்கார்ந்திருந்தது.

“புதுசு எடுடி,” என்றாள் நஸ்ரீன்.

“போய் வர்றதுக்குள்ள ஸ்கூலே விட்டுடும். இதுலயே சொல்லிடறேன். புதுப் பேரைச் சொன்னா பழைய பேர் போயிடும்ல?”

“சொன்னது போயிடும். சொல்லாதது?”

“எல்லாத்தையும் சொல்லிடுவேன்.”

அவள் கெட்டிக்காரி. தன்னைப் பற்றி எல்லாவற்றையும் தன்னால் சொல்லிவிட முடியும் என்று நம்பினாள்.

“பெயர் சுகிர்தா.”

“வச்சாச்சு.”

“என் உயரம். என் குரல். அந்த நீலப் புடவை.”

“வச்சாச்சு. வச்சாச்சு. வச்சாச்சு.”

“அப்புறம், என் மகளைப் பத்தி எனக்குத் தெரிஞ்சதெல்லாம்.”

அவள் குனிந்து ஒரு காதை மடியின் பக்கம் சாய்த்தாள். தெரிந்ததெல்லாம் வழிந்து இறங்கியது. சாயங்காலம்வரை இப்படியே குனிந்து நிற்க வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தாள். சீக்கிரம் நின்றுவிட்டது. கடைசியாகக் கறுப்பாக ஒரு கட்டி விழுந்தது. அது என்னவென்று அவள் பார்க்கவில்லை. நஸ்ரீன் பஸ் ஸ்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“முடி.”

“முடியாது,” என்றது பில்டர். “கட்டாயமானது ஒண்ணு இல்ல.”

“என்ன இல்ல?”

“அம்மாவுக்கு எது இல்லன்னா அம்மா இல்லையோ, அது.”

“பொறுமையா?”

“அது அவங்கவங்க விருப்பம்.”

“சமையல்?”

“விருப்பம்.”

“பாசம்?”

பில்டர் கொஞ்சம் தயங்கியது. “அதுவும் விருப்பம்தான். நீங்க சொல்லலன்னா சாதாரணமா ஒண்ணு போட்டுடுவேன்.”

நஸ்ரீன் அவள் முழங்கையைக் கிள்ளினாள். “பிள்ளைடி!”

“என்ன?”

“பிள்ளையோட பேரைச் சொல்லவே இல்ல நீ.”

சுகிர்தா மறுபடி மடியின் பக்கம் குனிந்தாள்.

“ஜெமிமா,” என்றாள் சுகிர்தா.

“வச்சாச்சு.”

“முடி.”

அம்மா எழுந்து நின்றாள். சுகிர்தாவின் உயரம். கசங்காத நீலப் புடவை. மூக்குக்குக் கீழே அடர்த்தியான, நம்பிக்கை வருகிற மீசை.

“யா அல்லாஹ்,” என்று நஸ்ரீன் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பில் அவளுக்குப் பேச்சு வரவில்லை. “கம்பீரமா இருக்கேடி நீ!”

“மன்னிச்சுக்கோங்க,” என்றாள் மீசை வைத்த சுகிர்தா. “எழுந்து நின்னுட்டேன்.”

மீசை இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். எந்தப் பெண்ணுக்குத்தான் அது தோன்றும்? வெட்கத்தைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை. காலையில் போட்டது முழுவதும் அப்படியே ஏறிவிட்டது.

கணக்குப் பிரிவு மேலாளரிடம் போய் ரேசர் கேட்டார்கள். “எனக்கு இன்னும் முளைக்கலையே,” என்று அவர் காலணிக்குள்ளிருந்து வருத்தமாகச் சொன்னார். கத்தரிக்கோலால் வெட்டிப் பார்த்தார்கள். வெட்டின மயிர் கீழே விழுந்தது. மீசை குறையவில்லை. முடித்த ஆளை மாற்ற முடியாது.

“முந்தானையால மூடிக்கோங்க,” என்றாள் சுகிர்தா. “கேட்டா சளின்னு சொல்லிடுங்க.”

“பொய் சொல்ல வெட்கமா இருக்கு. மன்னிச்சுக்கோங்க,” என்று சொல்லிவிட்டு அவள் கிளம்பிப்போனாள். கதவைத் திறந்ததற்காகக் கதவிடம் மன்னிப்புக் கேட்பது மாடிப்படிவரை கேட்டது.

சுகிர்தா தன் இடத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறந்தநாள்களைத் திருத்த ஆரம்பித்தாள். உமையாள் மிஸ் மறுபடியும் கூப்பிட்டார். குரல் இளகியிருந்தது.

“ரொம்ப நன்றி மேடம். வந்துட்டீங்க.”

“எப்படி இருக்கேன் மிஸ்?”

“மீசை புதுசு. ஆனா மனசு நிறைஞ்சுடுச்சு. முதல்ல நாற்காலிகிட்ட மன்னிப்புக் கேட்டீங்க. அது அழுகையை நிறுத்திடுச்சு. இப்போ மத்த பேரன்ட்ஸ் எல்லாம் உங்க முன்னாடி வரிசையில நிக்கறாங்க.”

“எதுக்கு?”

“உங்ககிட்ட மன்னிப்பு வாங்கிக்க. இதுவரைக்கும் அவங்ககிட்ட யாரும் கேட்டதே இல்லையாம். கேட்கறதை வாங்கிட்டு அழுதுகிட்டே போறாங்க.”

“ஜெமிமா?”

“உங்க மடியில உட்கார்ந்திருக்கா. எழுந்திருக்க மாட்டேங்கறா.”

ஜெமிமா கடைசியாக எப்போது தன் மடியில் உட்கார்ந்தாள் என்று சுகிர்தா யோசித்தாள். தெரியவில்லை. தெரிந்ததை எல்லாம் கொட்டிவிட்டதால் தெரியவில்லையா, முன்பும் தெரியாதா என்பதும் தெரியவில்லை. திடீரென்று அவளுக்கு ஒன்றே ஒன்று வேண்டியிருந்தது. இன்று மகளைத் தானே கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும். அந்த மீசைக்காரி கூட்டிப்போகக் கூடாது.

கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“இருங்கன்னு சொன்னேனே,” என்றார் பரணிதரன்.

“இருக்கேன் சார்,” என்று சொல்லிக்கொண்டே வெளியே போனாள்.

பஸ்ஸில் கூட்டம் நெரிந்தது. ஒரு சீட் மட்டும் காலியாக இருந்தது. அவள் உட்காரப் போனாள்.

“அதுல உட்காராதீங்கம்மா,” என்றார் கண்டக்டர். “மீசை வச்ச ஒரு அம்மா மன்னிப்புக் கேட்டு உட்கார்ந்துட்டுப் போச்சு. இன்னும் சூடு ஆறல.”

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சீட்டிலிருந்து லேசாக ஆவி வந்துகொண்டிருந்தது. பயணிகள் அதைப் பார்த்துத் தங்கள் கால்களை ஒடுக்கிக்கொண்டார்கள். அவள் மட்டும் எப்போதும்போல் நின்றாள்.

பள்ளிக்கூட வாசலில் காவலாளி மறித்தார்.

“யாரு வேணும்?”

“ஜெமிமா. நாலாம் வகுப்பு. நான் அவ அம்மா.”

“அம்மா உள்ள இருக்காங்களே.”

“அது நான் அனுப்பினது.”

“யாரு அனுப்பினாங்கன்னு நாங்க பார்க்கறதில்லம்மா. யாரு வந்தாங்கன்னுதான் பார்க்கறோம்.”

“நானும்தான் இப்ப வந்துட்டேனே.”

“அப்ப நீங்க உபரி. உபரி அம்மாக்களுக்கு ஜன்னல் ஓரமா பெஞ்ச் போட்டிருக்கு. போய் உட்காருங்க. சத்தம் மட்டும் வரக்கூடாது.”

பெஞ்சில் ஏற்கெனவே சில பெண்கள், மடிக்கணினிப் பைகளை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

“முதல் தடவையா?” என்று பக்கத்தில் இருந்தவள் கேட்டாள்.

“ஆமா.”

“போகப் போகப் பழகிடும். என்னோடதுக்கு மீசை இல்ல. ஆனா பாடுது. எனக்குப் பாட வராது. எங்கேர்ந்து வந்துச்சுன்னே தெரியல.”

சுகிர்தா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பெற்றோர் வரிசை கலைந்திருந்தது. மீசை வைத்த சுகிர்தா குழந்தைகளின் குட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஜெமிமா. இருவரும் தணிந்த குரலில் பேசினார்கள். ஆனாலும் அது சுகிர்தாவின் குரல் என்பதால் அவளுக்குத் தன் தொண்டைக்குள்ளேயே கேட்டது.

“ஆண்டு விழாவில நீ காலிஃப்ளவரா நின்னே. நான் வேற காலிஃப்ளவருக்குக் கைதட்டினேன்.”

“தெரியும்,” என்றாள் ஜெமிமா. “அது ரித்விகா. நான் ஓரத்துல நின்னேன்.”

“பாட்டு முடியறவரைக்கும் அவளைத்தான் வீடியோ எடுத்தேன். வீட்டுக்கு வந்து உன்கிட்ட, நீதான் எல்லாரையும்விட நல்லா ஆடினேன்னு சொன்னேன்.”

“காலிஃப்ளவர் ஆடவே இல்ல. தக்காளிதான் ஆடுச்சு.”

“அப்புறம் போட்டுப் பார்த்தப்பதான் அது நீ இல்லன்னு தெரிஞ்சுது. உடனே அழிச்சுட்டேன். வீடியோ எங்கன்னு நீ கேட்டப்போ போன் கெட்டுப்போச்சுன்னேன்.”

“உம்.”

“மன்னிச்சுக்கோ. தட்டினதுக்கு ஒரு தடவை. அழிச்சதுக்கு ஒரு தடவை. போன் மேல பழி போட்டதுக்கு ஒரு தடவை.”

“போன்கிட்டயும் கேட்கணும்.”

“கேட்டுட்டேன். பஸ்லயே கேட்டுட்டேன்.”

ஜெமிமா அந்த மீசையை ஒரு விரலால் நீவிக்கொடுத்தாள். பிறகு அவள் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

பெஞ்சில் சுகிர்தா அசையாமல் இருந்தாள். கடைசியாக விழுந்த கறுப்புக் கட்டி அதுதான். அது தன்னிடம் இருந்ததை அவள் யாரிடமும் சொன்னதில்லை, தனக்கும் சொல்லிக்கொண்டதில்லை. இத்தனை நாளும் ஜெமிமாவுக்குத் தெரியாது என்று இருந்தாள். ஜெமிமாவோ, அம்மாவுக்குத் தெரியாது என்றா இருந்தாள்? இல்லை, அம்மா எப்போது சொல்லுவாள் என்று இருந்திருக்கிறாள். சாப்பிடும்போது, தலை பின்னும்போது, ஜெபம் பண்ணி விளக்கை அணைக்கும்போது, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் காத்துப் பார்த்திருக்கிறாள்.

“உங்களோடது நல்லா மன்னிப்புக் கேட்குது,” என்றாள் பக்கத்தில் இருந்தவள் பொறாமையோடு.

மணி அடித்தது. பிள்ளைகள் அம்மாக்களோடு வெளியே வந்தார்கள். ஜெமிமா மீசை வைத்தவளின் கையைப் பிடித்திருந்தாள். சுகிர்தா எழுந்து எதிரே போய் நின்றாள்.

மீசை வைத்தவள் உடனே பின்வாங்கினாள். “மன்னிச்சுக்கோங்க. உங்க இடத்துல நிக்கறேன்.”

“ஜெமி, வா, வீட்டுக்குப் போகலாம்.”

ஜெமிமா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு ஆச்சரியம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

“இவங்களும் வருவாங்களா?”

“இவங்க ஆபீஸ் ஆளு. திரும்பப் போகணும்.”

“இவங்க என்கிட்ட மன்னிப்புக் கேட்டாங்க.”

“நான்தானே அனுப்பினேன். நான் கேட்ட மாதிரிதான்.”

ஜெமிமா யோசித்தாள். “மன்னிப்பையும் நீதான் போட்டு அனுப்பினியா?”

ஆமாம் என்று சொன்னால் போதும். ஜெமிமா பையை மாட்டிக்கொண்டு, மறு கையைத் தன்னிடம் கொடுத்துவிடுவாள். இருவரும் பஸ் ஏறிவிடலாம். சுகிர்தா வாயைத் திறந்தாள். அதற்குள் எதிரே நின்றவளின் முகம், மீசைக்கு மேலே, கண்வரை சிவந்துவிட்டது. பொய் இன்னும் நாக்கிலேயே இருக்கும்போது அவள் அதற்காக வெட்கப்பட்டுவிட்டாள். இனி அதை வெளியே எடுக்க முடியாது.

“இல்ல,” என்றாள் சுகிர்தா. “அது மிச்சம். காலையில வேற ஒரு ஆளுக்குப் போட்டது. எடுத்துட்டுத்தான் உனக்கு அம்மாவைக் கட்டியிருக்கணும். அவசரத்துல மறந்துட்டேன்.”

“யாருக்குப் போட்டது?”

“ஒரு கிளையன்ட்டுக்கு.”

“அவங்ககிட்ட மன்னிப்புக் கேட்கவா?”

“ஆமா.”

“மீசையும் அதுக்குத்தானா?”

“ஆமா.”

“அப்ப உன்னோடது எங்க?”

“எது?”

“இது.” ஜெமிமா மீசை வைத்தவளின் முகத்தைச் சுட்டினாள். மீசையை அல்ல. அதற்கு மேலே சிவந்திருந்த இடத்தை.

சுகிர்தா தனக்குள் தேடினாள். கைப்பையிலும் தேடினாள். குடை, அடையாள அட்டை, பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட். மீசை வைத்தவள் அவளுக்காகத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காவலாளி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

“இருந்துச்சு ஜெமி. எங்கயோ வச்சுட்டேன்.”

“தேடு.”

“மன்னிச்சுக்கோ,” என்றாள் சுகிர்தா. வாடிக்கையாளர் சேவை மையத்தில் பேசுகிற மாதிரி வந்தது. அவளுக்கே கேட்டது.

ஜெமிமா தலையை ஆட்டினாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. கணக்கில் தப்புப் போட்டவளுக்குச் சொல்லிக்கொடுக்கிற பொறுமை இருந்தது. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

“நின்னுகிட்டே சொன்னா வராது. குனியணும்.”

சுகிர்தா குனிந்தாள்.

“இன்னும்.”

இன்னும் குனிந்தாள். ஜெமிமாவின் சட்டைப் பொத்தான்கள் ஒவ்வொன்றாகக் கண்ணைக் கடந்து மேலே போயின. பெல்ட் போனது. சிராய்த்த முழங்கால் ஒன்று வந்தது. பழைய காயம், பொருக்குத் தட்டியிருந்தது. இது எப்போது பட்டது என்று அவளுக்குத் தெரியவில்லை.

“சொல்லு.”

“மன்னிச்சுக்கோ. நான் உன்னை அடையாளம் கண்டுபிடிக்கல.”

“இன்னும் கீழ.”

மண்டியிட்டுவிடலாம் என்று முழங்காலை மடக்கினாள். தரை தட்டுப்படவில்லை. பள்ளிக்கூட மைதானம் அதன் இடத்தில் இல்லை. கையை நீட்டித் துழாவினாள். ஜெமிமாவின் காலுறையும் ஷூவும் கடந்து மேலே போய்விட்டன. மணல் எங்கோ ரொம்பக் கீழே மங்கலாகத் தெரிந்தது. மேலே பெற்றோர்கள் பேசிக்கொண்டே வீட்டுக்குப் போகிற சத்தம் கேட்டது. ஒரு ஸ்கூட்டர் கிளம்பியது.

“அம்மா,” என்று ஜெமிமா மேலேயிருந்து கூப்பிட்டாள். “முகம் கொஞ்சம் சிவக்குது. நிறுத்தாதே. நான் இங்கயே நிக்கறேன்.”

சுகிர்தா இன்னும் குனிந்தாள்.